தும்பி ரயிலும் விரிசல் மேஸ்திரியும்

அப்பாவை அடக்கம் செய்த அதே வாரம் பொம்மை ரயில் சேகரிப்பாளர் சங்கத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கண் அலமாரி மேலேயே இருந்தது.

"மேஸ்திரிகிட்ட ஒரு தும்பி இன்ஜின் இருக்குன்னு கேள்வி. கண்காட்சிக்கு இரவல் குடுத்தீங்கன்னா பெரிய உதவிம்மா."

கண்காட்சிக்காக அச்சடித்த விளக்க அட்டையையும் கையோடு கொண்டுவந்திருந்தார். தடித்த, வழுவழுப்பான அட்டை. வாங்கிப் படித்தேன். 'வார்ப்பு மேஸ்திரியின் கவனக்குறைவால் உலோகம் கெட்டு இன்ஜின்கள் விரிசல் விட்டன. தும்பி நிறுவனம் மூடப்பட்டது.'

அந்த மேஸ்திரியின் நாற்காலியில் உட்கார்ந்து, அந்த மேஸ்திரியின் மகள் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே இதை என்னிடம் நீட்டுகிறார்.

"இதை யார் சொன்னது?"

"முதலாளியோட பையன்தான். இப்ப நம்ம சங்கத் தலைவர். அவருக்குத் தெரியாததா?"

டீ டம்ளரை அவர் கையிலிருந்து பிடுங்காமல் இருந்தது என் பொறுமை.

தும்பியின் கதை சின்னது. கதவுக் கைப்பிடி வார்க்கும் தொழிற்சாலை ஒன்றின் முதலாளிக்கு ரயில் பைத்தியம். கைப்பிடிப் பட்டறைக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டார். அங்கே துத்தநாகத்தில் இன்ஜின், தகரத்தில் பெட்டிகள், வட்டமாகப் பூட்டிக்கொள்ளும் தண்டவாளம். இன்ஜின் பச்சை நிறம், மூக்கில் ஒரு குட்டி விளக்கு. கைப்பிடி வார்த்துக்கொண்டிருந்த அப்பாவைத்தான் இன்ஜின் வார்க்கக் கூப்பிட்டார். கொதிகலனின் ஆணிகள்கூட வார்ப்பில் தனித்தனியாகத் தெரியும். அச்சை அந்த அளவுக்குச் சூடு பார்த்து ஊற்றுவார் அப்பா. முதல் வருடம் கடைகளில் நிற்கவில்லை, பறந்தது. பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் முதலாளி மட்டும்.

இரண்டொரு வருடத்தில் பார்சல்கள் திரும்பி வர ஆரம்பித்தன. பெட்டியைவிட்டு எடுக்காத இன்ஜின்கள்கூட வயிறு உப்பி, முதுகு வெடித்து, சக்கரம் சுற்றாமல் கிடந்தன. தொட்டால் பிஸ்கட் மாதிரி உடைந்தன. வியாபாரிகளைக் கூட்டி வைத்து முதலாளி சொன்னார்: "மேஸ்திரி அசட்டையா இருந்துட்டான். நம்பி மோசம் போனேன்." அடுத்த வருடம் தும்பி இல்லை. கைப்பிடிகள் மட்டும் வழக்கம்போல ஓடின.

அப்பாவுக்கு அதற்குப் பிறகு எந்தப் பட்டறையிலும் உலைப் பக்கம் இடம் கிடைக்கவில்லை. ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கினார். தெருவில் பெயர் 'விரிசல் மேஸ்திரி' என்று ஆனது. டீக்கடையில் ஒருத்தன் தினமும் சொல்வான்: "மேஸ்திரி, பார்த்து! டம்ளரை மெதுவாத் தொடுங்க." எல்லாரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்காமல் நான் அந்தக் கடை வழியாகப் போவதையே விட்டேன்.

நான் உலோகவியல் படித்தேன். சோதனைக்கூடத்தில் வேலை. துத்தநாக வார்ப்பில் ஈயம் துளி கலந்தாலும் ஈரக்காற்றில் அது உள்ளிருந்தே அரித்து, வீங்கி, வெடிக்கும். எங்கள் துறையில் இது பாலபாடம். ஈயம் எங்கிருந்து வந்தது என்று அப்பாவிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "ஊத்தினது என் கைதானே, விடு" என்பார். கடைசி வாரம் ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார்.

செயலாளர் போனதும் அத்தையிடம் அட்டையைக் கொடுத்தேன். அத்தை அப்பாவின் அக்கா. தும்பியில் விளக்குக்கும் மோட்டாருக்கும் கம்பி பற்றவைத்தவர். கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். அட்டையைத் தரையில் எறிந்தார்.

"அசட்டையா? அந்த முதலாளி சாயங்காலமானா விளக்குமாறோட நிப்பான்டி. மேஜையில ஒரு பொட்டு விடக்கூடாது, எல்லாத்தையும் கூட்டி அள்ளி உலைச்சட்டியில போடுன்னு உத்தரவு. 'என் கொட்டகையில குப்பைன்னே ஒண்ணு கிடையாது'ன்னு வர்றவன் போறவன்கிட்டல்லாம் பெருமை வேற."

"மேஜையில என்ன இருக்கும் அத்தை?"

"வார்ப்பு ராவின தூளு, உடைஞ்ச துண்டு, நாங்க பத்தவைக்கிறப்ப சிந்தின ஈயப் பொட்டு. எல்லாந்தான்."

நான் உட்கார்ந்துவிட்டேன். தினமும், முறை தவறாமல், ஒரு சிக்கனப் பெருமைக்காக, நல்ல உலோகத்துக்கு விஷம் வைத்திருக்கிறார்கள்.

"ஈயம் கெடுக்கும்னு அப்பாவுக்குத் தெரியாதா?"

"முதல்ல தெரியாது. இன்ஜின் வெடிக்க ஆரம்பிச்சதும் சந்தேகப்பட்டு அந்த ஆளுகிட்டப் போய்ச் சொன்னான். 'நீ ஊத்து, யோசிக்கிறது என் வேலை'ன்னு விரட்டிட்டான். பின்னாடி பழி வந்தப்ப நான் கைப்பிடிப் பக்கம் வேலையில இருந்தேன். உங்க மாமா படுத்த படுக்கை. இவன் வாயைத் திறந்தா என் வேலை போயிருக்கும். திறக்கல. என்னையும் திறக்க விடல." மூக்கைச் சிந்தினார். "இப்ப என்ன வேலை, என்ன போறது? வா, அந்தக் கண்காட்சிக்கே போகலாம்."

அப்பாவின் இன்ஜினைச் சோதனைக்கூடத்துக்கு எடுத்துப்போய் நெடுக்குவாக்கில் அறுத்தேன். மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தேன். உலோகத்தின் நுண்மணிகள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில் ஈயம் பிசிறு பிசிறாக உட்கார்ந்திருந்தது. படம் எடுத்துக்கொண்டேன்.

கண்காட்சி தொடங்கும் நாள் காலையில் அத்தையோடு போனேன். அறுத்த இன்ஜினைப் பார்த்ததும் செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ! மிஞ்சினதே சிலதுதான். இப்படிக் கொன்னுட்டீங்களே!"

மனுஷனுக்கு அவர் அப்படிப் பதறவில்லை.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அத்தை உத்தரவைப் பற்றிச் சொன்னார். சங்கத் தலைவர், முதலாளியின் மகன், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"செத்துப்போன எங்கப்பாவைப் பத்திப் பேசறீங்க. பதில் சொல்ல அவர் இல்லையே."

"என் அப்பா இத்தனை வருஷமும் இருந்தாரு. ரெண்டு தெரு தள்ளி. உங்கள்ல யாராவது வந்து கேட்டீங்களா?"

செயலாளர் குறுக்கே வந்தார். "சரிம்மா, சண்டை வேண்டாம். அந்த வரியவே எடுத்துடறேன். 'உற்பத்திக் கோளாறு'ன்னு போட்டுடலாம். யார் பேரும் வேண்டாம்."

கோளாறு தானாக வந்து உட்கார்ந்துகொண்டதாம்! பழி சொல்ல மட்டும் ஆள் வேண்டியிருந்தது. பழி தப்பென்றால் ஆளே இல்லாமல் போய்விடுமாம்.

"மேஸ்திரி அட்டையில இருக்கணும்" என்றேன். "அவர் வார்த்தாருன்னும் இருக்கணும். ஈயத்தைப் போடச் சொன்னது முதலாளின்னும் இருக்கணும். இல்லன்னா இன்ஜின் என்கூட வந்துடும்."

"போட்டது உங்கப்பன்தான்னும் எழுது" என்றார் அத்தை.

"அத்தை!"

"போட்டான்டி. அதை அவன் மறைக்கவே இல்ல. நாம எதுக்கு மறைக்கணும்? சொன்னவன்தான் மறைச்சான்."

தலைவர் வெளியே போய்விட்டார். வாசலில் கார் கதவை அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. செயலாளர் கொஞ்ச நேரம் வாசலையும் இன்ஜினையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளை அட்டையும் பேனாவும் எடுத்து வந்தார். நான் சொல்லச் சொல்லக் கையால் எழுதினார். 'முதலாளி' என்ற இடத்தில் பேனா நின்றது. நான் மறுபடி சொன்னேன். எழுதினார்.

மத்தியானம் கூட்டம் வந்தது. கையில் குழந்தையோடு ஒருவர் குனிந்து அட்டையைப் படித்துவிட்டு, "யாருங்க இந்த மேஸ்திரி?" என்று பொதுவாகக் கேட்டார்.

"என் தம்பி" என்றார் அத்தை. "அவசரம் இல்லைன்னா நில்லுங்க. முழுசாச் சொல்றேன்."