ஆமோஸ் கத்திய வார்த்தை

ஆமோஸ் கில்லரி லூசியானாக்காரன். பள்ளிக்கூட நாளிலேயே அவன் மோதினால் எதிரே வந்தவன் எழுந்திருக்க நேரமாகும். அந்தத் தோளுக்காகவே பெரிய அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்று அவனை எடுத்துக்கொண்டது. பத்து வருஷம் தடுப்பாட்டத்தின் நடு ஆளாக, நடு லைன்பேக்கராக நின்று, பந்தோடு ஓடி வந்தவர்களையெல்லாம் மண்ணைக் கவ்வ வைத்தான். வயது ஏறியதும் கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டார்கள். வடக்கே இன்னொரு அணி சேர்த்துக்கொண்டது.

நடு லைன்பேக்கருக்கு மோதுவது பாதி வேலைதான். தடுப்பாட்டக்காரர்களில் அவன் ஹெல்மெட்டில் மட்டும் சின்ன ஸ்பீக்கர் இருக்கும். கோச் காதில் சொல்லும் சங்கேத வார்த்தையை அவன் கத்த வேண்டும். மற்ற பத்துப் பேரும் அதன்படி நகர வேண்டும். அவன் தப்பாகக் கத்தினாலும் எல்லாரும் சேர்ந்தே அந்தத் தப்பைச் செய்ய வேண்டும் என்பது அவர்கள் சட்டம். ஆளுக்கொரு பக்கம் ஓடினால் யாராவது ஒருத்தன் நசுங்கிப்போவான்.

வினை அங்கேதான் வந்தது. பழைய அணியில் 'மெம்பிஸ்' என்றால் பின்வாங்கு. இங்கே 'மெம்பிஸ்' என்றால் முன்னால் பாய், பின்வாங்குவதற்கு 'டென்வர்'. இடி வாங்கி இடி வாங்கிக் கலங்கிய தலையில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. மனைவி ரெனே காலையில் சோளக்கஞ்சி கிளறிக்கொண்டே பரீட்சை வைப்பாள்.

"பின்னால போகச் சொல்லணும். என்ன கத்துவ?"

"மெம்பிஸ்."

"பாத்தியா, மறுபடியும் பழைய வீட்டுக்கே போயிட்ட! டாக்டரப் பாருன்னா கேக்கறியா மனுஷா?"

"பாத்தா அன்னைக்கே அனுப்பிடுவாங்க. அப்புறம் உன் கஞ்சியக் குடிச்சிட்டு மூலையில கெடக்க வேண்டியதுதான்."

வீம்பு, வேறென்ன!

டிசம்பரில் பின்வரிசைக்கு மார்லன் என்ற புது ஆட்டக்காரன் வந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையே களத்தில் இறக்கினார்கள். கோச் காதில் 'டென்வர்' என்றார். ஆமோஸ் "மெம்பிஸ்!" என்று கத்தினான். மார்லன் தன்னந்தனியாக முன்னால் பாய்ந்தான். எதிரே முழு வேகத்தில் வந்தவன் தொடையில் அவன் தலை மோதியது. மற்ற எல்லாரும் பின்னால் நின்றிருந்தார்கள்.

மார்லனுக்கு இனி கழுத்துக்குக் கீழே அசைவு வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வராந்தாவில் ஆமோஸ், தனக்குப் பக்கத்தில் ஆடும் வெண்டலின் சட்டையைப் பிடித்தான்.

"தப்பாக் கத்துனது நான்டா. அவன் மட்டும்தான் பாஞ்சான். நீங்க ஒன்பது பேரும் எப்படிடா சரியாப் பின்னால போனீங்க?"

வெண்டல் தரையைப் பார்த்தான். "அக்டோபர்லேருந்தே நீ கத்துறத நாங்க கேக்குறதில்லண்ணே. ரேடியோ கெட்டுப்போனா ஆகும்னு கோச் ஆளுங்க மைதான ஓரத்துலேருந்து கை காட்டுவாங்கல்ல? அதப் பாத்து நான் முதுகுக்குப் பின்னால விரல் காட்டுவேன். எல்லாரும் அதப் பாத்துதான் ஆடுனோம்."

"மார்லன்கிட்ட ஏன்டா சொல்லல?"

"புது ஆளு. வாய்தவறி வெளிய உளறிட்டா உன் பொழப்பு போயிடுமேன்னுதான்..."

ஆமோஸ் சட்டையை விட்டான். சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"அப்போ, என்னை நம்புனது அவன் ஒருத்தன்தானா?"

"ஆமாண்ணே," என்றான் வெண்டல்.