பன்னிரண்டாவது பிளவு

தவளையின் முட்டை கருவாகி, ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்ப் பிளந்துகொண்டே போகிறதே, அப்போது அதன் சொந்த மரபணுக்கள் என்ன செய்கின்றன, தெரியுமா உங்களுக்கு? ஏறக்குறைய ஒன்றுமே செய்வதில்லை. தாய் முட்டைக்குள் கட்டிவைத்த சரக்கில்தான் பிழைப்பு ஓடுகிறது. பன்னிரண்டு முறை பிளந்த பிறகே அவை மும்முரமாய் வேலையைத் தொடங்குகின்றன.

ஃபேரர் பார்க்கில் குடியிருக்கும் உர்சுலா இந்த 1983ஆம் ஆண்டில் இதைத் தன் கண்ணால் கண்டார். அதற்குக் கிடைத்த பரிசு, பொய் எழுதியவர் என்ற பட்டம்.

தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றில் அவர் உதவியாளர். மாலையில் பெண் தவளைக்கு ஊசி போட்டால் விடிந்ததும் முட்டை. பிறகு கருக்களுக்குள், மரபணு வேலையைத் தொடங்கியதும் காட்டிக்கொடுக்கும் கதிரியக்கக் குறியைச் செலுத்தி, நுண்ணோக்கியடியில் ஒவ்வொரு பிளவையும் குறித்துக்கொள்ள வேண்டும். மரபணு எப்போது விழிக்கும் என்று அவருக்கு இருப்புக் கொள்ளாது. எழுவார், உட்காருவார், சாப்பாட்டை மறப்பார்.

ஆய்வுத் தலைவர் டாக்டர் பசுபதி குறிப்பேட்டைப் புரட்டினார். வாரநாளில், கருவானதிலிருந்து ஏழு மணி நேரத்தில் விழிப்பு. சனிக்கிழமையில் ஆறே மணி நேரத்தில். ஒன்று பொய் என்று முடிவுகட்டி, உர்சுலா பொய்க்கணக்கு எழுதினார் என்று அவர் கோப்பில் ஒரு கடிதம் வைத்தார். அது கிடந்தால் ஒப்பந்தம் நீளாது. வேறு ஆய்வுக்கூடமும் சேர்க்காது.

உர்சுலா குறிப்பேட்டோடு அவர் அறைக்குள் நுழைந்தார்.

"கரு என்ன கையில கடிகாரமா கட்டியிருக்கு, டாக்டர்? மின்சாரம் மிச்சம்னு சனிக்கிழமை காலையிலேயே ஏர்கானை நிறுத்தச் சொன்னது நீங்கதான். சூட்டுல அது வேகமாப் பிளக்குது. மணியை விடுங்க லா, பிளவை எண்ணுங்க."

பசுபதி எண்ணினார். வாரநாளிலும் பன்னிரண்டு, சனிக்கிழமையிலும் பன்னிரண்டு. வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஓம், சரிதான் பிள்ளை. ஆனா கடிதம் கோப்பில ஏறிட்டுது. இனி எடுக்கேலாது."

பன்னிரண்டு என்ற அந்த எண் மட்டும் பசுபதியின் கட்டுரையில் ஏறியது, பசுபதியின் பெயரில். அறிவியல் படித்தவர் தன் தவற்றைக் கண்ணால் கண்ட பிறகும் ஒரு காகிதத்தைக் கிழிக்க அஞ்சுகிறார் என்றால், அந்தப் படிப்பு எதற்கு?

உர்சுலாவின் ஒப்பந்தம் இம்மாதக் கடைசியில் முடிகிறது. ஆய்வுக்கூடத்தின் நிர்வாகக் குழு வரும் வெள்ளிக்கிழமை கூடுகிறது. வாசகரே, அதற்குள் ஓர் அஞ்சலட்டை எடுத்து அவர்களுக்கு எழுதுங்கள்: உர்சுலாவின் கோப்பிலிருந்து அந்தக் கடிதத்தை எடுங்கள்.