கொலுசு கறுக்கும் ஊரில் ஒரு மெமரி சிப்

1. பெங்களூர் போன்

"நீங்க குடுத்த முறைப்படியே செஞ்சோம் சார். எங்க சிப் எதையும் ஞாபகம் வச்சுக்கல."

எங்கள் முடிவைச் சரிபார்த்த பெங்களூர் ஆய்வகத்திலிருந்து வந்த இந்தப் போன்தான் நஸ்ரீனின் டாக்டர் பட்டத்துக்கு வேட்டு வைத்தது. நான் ஆம்பூர் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் டிவைஸ் லேபுக்குப் பொறுப்பாக இருந்தேன். நஸ்ரீன் அங்கே ஆராய்ச்சி மாணவி, உள்ளூர்ப் பெண். ஆக்ஸைடு படலத்தின் மேல் வெள்ளி பூசி மெம்ரிஸ்டர் செய்துகொண்டிருந்தாள். கரண்ட் நின்றாலும் பதிந்ததை மறக்காத மெமரி அது. நாளைய கம்ப்யூட்டருக்கு இதுதான் என்று உலகமே இதன் பின்னால் ஓடுகிறது. எங்கள் லேபில் செய்த சிப் மறக்கவே இல்லை. பெங்களூரில் செய்தது உடனே மறந்தது.

துறைத்தலைவர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "டேட்டாவ நீயே போட்டுக்கினியாம்மா?"

அவள் அழவில்லை. நேரில் வந்து பார்க்கச் சொல்லி நான் பெங்களூருக்குப் போன் போட்டேன்.

2. வாடை

நேரில் பார்க்க பெங்களூர்க்காரர் ஒருவர் வந்தார். லேபில் நுழைந்ததும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன சார் இந்த வாடை? எப்படி இங்க வேலை செய்றீங்க?"

"என்ன வாடை?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரியவில்லை. தோல் பதனிடும் டேனரிகளின் காற்றிலேயே கிடந்து எங்கள் மூக்கு மரத்துப்போயிருந்தது. வெப்பம், ஈரப்பதம் எல்லாம் அளப்போம்; வாடையை யார் அளந்தார்கள்? ஏசி சரியில்லாததால், வெள்ளி பூசிய சிப்பைத் திறந்த ஜன்னலோரம் வைப்பது வேறு எங்கள் வழக்கம்.

நஸ்ரீன் சட்டென்று எழுந்தாள். "சார், பெருநாளுக்கு கொலுசு பாலிஷ் போட்டா ஒரு வாரத்துல கறுத்துடுது. இங்கயும் அதான் ஆவுது!"

ஜன்னலை மூடிச் செய்து பார்த்தோம், சிப் மறந்தது. திறந்து வைத்துச் செய்தோம், ஞாபகம் வைத்தது. காற்றில் இருந்த கந்தக வாயு வெள்ளியை சில்வர் சல்ஃபைடாக மாற்றியிருந்தது. ஞாபகம் வைத்தது அதுதான். டேட்டா பொய்யில்லை என்று நிரூபித்துவிட்டாள். எனக்கு அன்று அவ்வளவு சந்தோஷம்.

3. தலைவர் அறை

இந்தக் காரணத்தை அவள் எழுதியதைப் படித்துவிட்டு துறைத்தலைவர் என்னைப் பார்த்தார்.

"இன்னா சார் இது? நம்ம காலேஜ் டிரஸ்ட்டுல பாதிப் பேரு டேனரி வச்சிருக்காங்க. நம்ம ஊர் காத்துல கேஸ் இருக்குன்னு நாமளே எழுதிக் குடுக்கறதா?"

"அப்போ என் டேட்டா பொய்னு ஆயிடும் சார்" என்றாள் நஸ்ரீன்.

"யாரும் பொய்னு சொல்லல. திரும்பச் செஞ்சா வரலன்னு எழுதுவோம். வேற டாபிக் எடுத்துக்கோ."

நான் சத்தம் போட்டேன், டிரஸ்ட் வரைக்கும் போனேன். டீ கொடுத்து அனுப்பினார்கள். அவள் பட்டத்தை விட்டுவிட்டு ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

பிறகு லேபுக்குப் புது ஏசி வந்தது, ஃபில்டர் வந்தது, ஜன்னலை அடைத்தார்கள். அதே மெமரி சிப்புக்குப் புது புராஜெக்ட்டும் வந்தது. ஒரு சிப்கூட வேலை செய்யவில்லை. நான் ஓய்வு பெறவிருந்த சமயம், தலைவர் கூச்சமே இல்லாமல் வந்தார்.

"அந்தப் பொண்ணு எப்படி செஞ்சதுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க சார்."

இளைஞர்களே, உங்கள் ரிசல்ட்டை எது கொண்டுவந்தது என்று எழுத விடாத இடத்தில் ஒரு நாளும் இருக்காதீர்கள். என் சர்வீஸில் நான் கற்றது இவ்வளவுதான்.

தலைவரை எதிரில் வைத்துக்கொண்டே நஸ்ரீனுக்குப் போன் போட்டேன். பின்னால் தையல் மிஷின்களின் இரைச்சல்.

"ஜன்னலத் தொறக்கச் சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.