ராத்தா ஏறிய துணிக்கடை

ராத்தாவின் சக்கர நாற்காலியில் முன்சக்கரங்கள் இரண்டும் மிகச் சிறியவை. எங்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கையோ கடற்கரை மணல். சக்கரங்கள் புதைந்துவிடும் என்பதால் நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக இழுத்துத்தான் தார் றோட்டுக்குக் கொண்டுவருவோம். அப்படி இழுபட்டு வரும்போது, போகிற திசை தெரியாமல், விட்டு வந்த வீட்டையே அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் எங்கள் வீட்டுச் சுவர் சரிந்தபோது அதன் கீழே அகப்பட்டவள் என் மூத்த சகோதரியான அவள்தான். உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. அவளுக்குப் பேசி முடித்திருந்த கலியாணமும் அந்த மாரியோடு நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் கடுஞ்சொல் எதுவும் சொல்லவில்லை. வருவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். ராத்தா அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு எனக்குக் கலியாணம் சரிவந்தது. கல்முனைக்குப் போய்ச் சீலை எடுப்பது பற்றி உம்மாவும் வாப்பாவும் கதைத்துக்கொண்டிருந்தபோது, "தங்கச்சிட சீலைய நான்தான் எடுப்பன். கடைக்குள்ள போய்ப் பாத்து எடுப்பன்" என்றாள் ராத்தா. உம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் மசியவில்லை.

அந்தக் காலத்தில் கல்முனைக் கடைகள் வெள்ளத்துக்குப் பயந்து உயரமாகக் கட்டப்பட்டவை. றோட்டோரம் கழிவுநீர்க் கான் ஓடும். அதைத் தாண்டியதும் செங்குத்தான படிகள். நாங்கள் போன துணிக்கடையின் முதலாளி நல்ல மனிதர். எங்களைக் கண்டதும் இறங்கி வந்தார். "மகள் கஷ்டப்பட வேணாம். சீலையெல்லாத்தையும் நான் இஞ்சயே கொண்டு வந்து காட்டுறன்" என்றார். கடையில் வேலை செய்தவர்கள் சீலைகளைக் கைகளில் சுமந்து வந்து வெயிலில் விரித்தார்கள். போகிற வருகிறவர்கள் நின்றார்கள். பஸ் ஒன்று வழி கேட்டு ஹோர்ன் அடித்தது. யாரோ "பாவம்" என்றார்கள். நாலு பேர் சேர்ந்தால் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்துவிடலாம் என்றார் இன்னொருவர். ராத்தா முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டாள்.

"அன்னிய ஆம்பிளையள் என்னத் தூக்கவும் வேணாம், நடுறோட்டுல வெச்சுச் சீலை காட்டவும் வேணாம். வாப்பா, வீட்ட போவம்."

திரும்பும் வழியில் அரிசி ஆலை ஒன்று இருந்தது. நிலத்திலிருந்து லொறிக்குச் சாய்த்து வைத்த அகலமான பலகையில் தொழிலாளர்கள் மூட்டை சுமந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். ராத்தா நாற்காலியை நிறுத்தச் சொன்னாள். நெடுநேரம் பார்த்தாள். "வாப்பா, அந்தப் பலகைய ஒரு நாளைக்கு நமக்குத் தருவாங்களா?" என்று கேட்டாள். வாப்பா நேரே ஆலைக்குள் போனார்.

அடுத்த கிழமை அந்தப் பலகை கானைக் கடந்து துணிக்கடை வாசலில் சாய்ந்தது. வாப்பா பின்னால் நின்று தள்ளினார். நான் முன்னால் பிடித்து இழுத்தேன். பாதி ஏறியதும் வாப்பாவின் கால் வழுக்கியது. நாற்காலி பின்வாங்கப் பார்த்தது. ராத்தா முன்னால் குனிந்து, பெரிய சக்கரங்கள் இரண்டையும் இறுக்கிப் பிடித்து, மூச்சடக்கி உந்தினாள். உள்ளங்கை உரிந்து இரத்தம் கசிந்ததைக் கடைக்குள் போன பிறகுதான் கண்டோம்.

துணிக் கட்டுகளுக்கு நடுவே நாற்காலி நுழைய இடமில்லை. முதலாளியே கட்டுகளை ஒதுக்கினார். காட்சி மேசை அவளுடைய முகத்தளவு உயரம். மேலே விரித்தது அவளுக்குத் தெரியவில்லை. அதனால் தாழ்வான மர வாங்கு ஒன்றைக் கொண்டு வந்து அதில் சீலைகளைப் பரப்பினார்கள். இரத்தம் படாமல் கையில் லேஞ்சித் துணியைச் சுற்றிக்கொண்டு ராத்தா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். வாசல் வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னாள். இதில் கரை சரியில்லை, இது இரண்டு முறை கழுவினால் வெளுத்துப்போகும் என்று ஒதுக்கிக்கொண்டே போனாள். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில்தான் மாதுளம்பூ நிறத்தில் ஒன்றை மடியில் எடுத்து வைத்தாள். அதைத்தான் நான் உடுத்தேன்.

வாசலுக்குப் பலகை ஒன்று செய்து போடுவதாக முதலாளி சொன்னார். செய்ய எண்ணியிருப்பார். ஆனால் இனக் கலவர காலம் வந்தது. கடைகள் பூட்டிக் கிடந்தன. ராத்தாவைத் தெருவுக்குக் கொண்டுபோகவே பயந்தோம். அந்தக் கடைக்குள் அவள் மறுபடி போகவில்லை. இப்போது அவள் இல்லை. கல்முனையில் கண்ணாடி பதித்த மாடிக் கடைகள் வந்துவிட்டன. பலவற்றின் வாசலில் இன்னும் படிகள்தான். ஒரு கடையில் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். நான் போகும்போதெல்லாம் அதன்மேல் மோட்டார் சைக்கிள் நிற்கிறது.

சீலை எடுத்து வந்த அன்று மாலை, ராத்தாவின் கைகளுக்கு மருந்து போட்டபடி உம்மா அழுதார். "இவ்வளவு பாடு என்னத்துக்குப் புள்ள? சொல்லியிருந்தா கடைக்காரங்களே வீட்ட கொண்டு வந்து காட்டியிருப்பாங்களே."

"அது சரி உம்மா. ஆனா இண்டைக்கு எத்தனை சீலைய நான் வேணாமெண்டு சொன்னன் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு ராத்தா சிரித்தாள். சூறாவளிக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.