இடமும் வலமும் மட்டும்

எங்கள் ஊரில் டிராக்டர்கள் தாமாகவே ஓடும். செயற்கைக்கோளைப் பார்த்து இடமும் வலமும் திரும்பி, கோடு பிசகாமல் சோளம் விதைக்கும். விவசாயி இருக்கையில் சாய்ந்து சாண்ட்விச் சாப்பிடுவார். நெப்ராஸ்காவில் இதெல்லாம் அதிசயமே இல்லை. லோர்னா சித்தி மாட்டிக்கொண்டது இதனால்தான்.

சித்திக்கு நாற்பத்தொரு வயது. தானியக் கிடங்கில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து லாரிகளை எடை போடுகிறாள். பள்ளி முடித்ததும் ஒரு கோடைக்கு மட்டும் என்று சேர்ந்த வேலை. வெளியே போக அவளுக்குத் தெரிந்த ஒரே வழி விமானம். எரிவாயுக் குழாய்களின் மேல் தாழப் பறந்து கசிவு பார்க்கும் வேலையைத் தர டெக்சாஸில் ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் அறுவடைக்கு முன், சம்பளத்துக்குப் பறக்கும் உரிமம் கையில் இருக்க வேண்டும். அதற்கு அவளுக்கு வாய்த்த வழி, நவீனக் கருவிகள் உள்ள சிறு விமானத்தில் பத்து மணி நேரப் பயிற்சி.

ஊர்ப் பறக்கும் சங்கத்தில் ஒரு பழைய செஸ்னா விமானம் உண்டு. உறுப்பினர்கள் பெரும்பாலும் விவசாயிகள். எதையும் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள். முள் கருவிகளைக் கழற்றிவிட்டு இரண்டு திரைகள் வைத்தார்கள். ஒன்றில் வேகம், உயரம், திசை, சாய்வு. இன்னொன்றில் நகரும் வரைபடம். விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட் வாங்கும்போது, திசையோடு உயரத்தையும் அதுவே பிடிக்கும்படி வாங்கலாமா என்று யாரோ கேட்டார். தலைவர் வால்ட் சிரித்தார்.

"எதுக்குப்பா? என் டிராக்டர் என்ன மேலயும் கீழயுமா போகுது?"

எல்லாரும் கை தூக்கினார்கள். சித்தியும்தான்.

ஆகஸ்டில் அதே விமானத்தில் தேர்வுக்குப் போனாள். பள்ளி முடித்துச் சும்மா இருந்த நானும் பின் இருக்கையில் போனேன். தேர்வு நடத்தும் அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"உயரத்த எது பிடிக்கும்?"

"நான்தான்."

"நீங்க நல்லாவே பிடிப்பீங்கம்மா. ஆட்டோபைலட் பிடிக்குமா?"

"இல்ல. இடம் வலம் மட்டும்."

"அப்ப இது நவீனக் கருவி விமானத்துல சேராது. திசை, உயரம் ரெண்டையும் அதுவே பிடிக்கணும். இதுல பறந்த பத்து மணி நேரமும் செல்லாது."

"என் பயிற்சியாளர் சரின்னுதான் சொன்னார்."

"திரையப் பாத்து மயங்கிட்டார் போல."

"பறந்து காட்டறேன், சார். பாத்துட்டு சொல்லுங்க."

"தேர்வையே நான் ஆரம்பிக்க முடியாதும்மா."

ஒமாஹாவில் பொருத்தமான விமானம் ஒன்று வாடகைக்கு இருந்தது. அறுவடை முடியும்வரை அது காலியில்லை. சித்தி சங்கக் கூட்டத்தில் எழுந்து நடந்ததைச் சொன்னாள். வால்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நம்ம புத்திதான் லோர்னா. உயரத்துக்கும் ஒரு மோட்டார் போட்டுடலாம். அறுவடை முடியட்டும்."

"அதுக்குள்ள அந்த வேலை போயிடும், வால்ட்."

"அட, நீ போயிட்டா எங்க லாரிய யாரு எடை போடுறது?"

எல்லாரும் பிரியமாகச் சிரித்தார்கள். அந்தப் பிரியத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு கையாக உயர்ந்தது. சித்தி தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

டெக்சாஸ்காரர்கள் வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். செப்டம்பரில் லாரிகள் வரத் தொடங்கின. ஒருநாள் மதியம் நான் சாப்பாட்டைக் கூண்டுக்குள் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

"கதவ மூடாத."

"தூசி வரும், சித்தி."

"வரட்டும்."