வாய் ஓய்ந்த கோடை

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு நாற்பத்தொரு வயது. அய்யம்பாளையத்தைச் சுற்றியிருந்த ஆறு சிற்றூர்களுக்கு நடந்து போய், பெண்களோடு உட்கார்ந்து வேதம் வாசித்து ஜெபித்துவிட்டு வருவது என் வேலை. கணவர் இறந்த மறு வருடம் சபை கொடுத்தது. ஊர்ச்சனங்கள் என்னை வேதக்காரம்மா என்றார்கள்.

பதிமூன்று வருடத்தில் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போயிருந்தது. அதைவிட மோசம், நான் சொல்வது என் காதிலேயே விழுவதில்லை. ஒருமுறை சாவு வீட்டில், பிள்ளை பெற்ற வீட்டில் சொல்லும் ஜெபத்தைப் பாதிவரை சொல்லிவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்தப் பங்குனியில் எங்கள் சபைப் பெண் ஒருத்தியின் ஏழு வயது மகள் காய்ச்சலில் இறந்துபோனாள். தினமும் போய் அந்தத் தாய்க்கு ஆறுதல் வசனம் வாசித்தேன். ஒன்பதாம் நாள், புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்:

“ஒங்களுக்கு வேற சோலி இல்லையாம்மா? என்னயக் கொஞ்சம் சும்மா விடுங்க.”

அதன்பிறகு அவள் ஞாயிறு ஆராதனைக்குக்கூடக் கோயிலுக்கு வரவில்லை. எனக்குக் கோபம்கூட வரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

போதகர் என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, “மே மாசம் மலையில பெண் ஊழியக்காரங்களுக்குக் கூடுகை இருக்கு. போயிட்டு வாங்கம்மா” என்றார்.

வத்தலக்குண்டில் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்து, கோடைக்கானல் போய்ச் சேர்ந்தேன். நாயுடுபுரத்துக்கு மேலே ஒரு பழைய பங்களாவில் கூடுகை. இரண்டு நாள் பிரசங்கமும் பாட்டுமாகப் போயிற்று. என் அசதி கூடியதே தவிரக் குறையவில்லை. கூடுகையை நடத்திய வெள்ளைக்கார அம்மா இரண்டாம் நாள் சாயங்காலம், “நாளைக்கு முழுதும் ஒருவரும் பேச வேண்டாம். எங்கேயாவது போய் உட்காருங்கள். கர்த்தர் பேசட்டும்” என்றார்.

மறுநாள் காலையில், மலைக்காரர்கள் சோலை என்று சொல்லும் அடர்காட்டின் ஓரம் ஒரு பாறையில் போய் உட்கார்ந்தேன். மரமெல்லாம் பாசி ஏறி ஈரமாக நின்றது. மஞ்சு வந்து மூடியது, விலகியது. எங்கோ ஒரு பறவை சீட்டியடித்தது. காத்திருந்தேன். கர்த்தர் ஒன்றும் பேசவில்லை. நான் தூங்கிப்போனேன்.

விழித்தபோது பக்கத்தில் ஒரு விறகுக் கட்டு கிடந்தது. அதைச் சுமந்து வந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்கம்மா, மேலுக்கு முடியலயா?”

பேசக் கூடாதே என்று தலையை மட்டும் ஆட்டினேன். ஊமை என்று நினைத்திருப்பாள் போல. “சரி சரி, இருங்க” என்று காலை நீட்டி என் அருகில் உட்கார்ந்தாள். சுருக்குப்பையை அவிழ்த்து எனக்கும் வெற்றிலை நீட்டினாள். மிஷனில் அது ஆகாது. வாங்கிப் போட்டுக்கொண்டேன். வெகுநேரம் இருவரும் காட்டைப் பார்த்து மென்றுகொண்டிருந்தோம். பிறகு கட்டைத் தூக்கிவிடச் சொல்லிச் சாடை காட்டினாள். தூக்கிவிட்டேன், போய்விட்டாள். அவள் போனதும் எனக்கு அழுகை பொங்கி வந்தது. என் வாயிலிருந்து எதையும் எதிர்பார்க்காமல் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை வருடம் ஆகியிருந்தது!

அன்று சாயங்காலம் ஒவ்வொருவராக எழுந்து கர்த்தர் தங்களோடு என்ன பேசினார் என்று சொன்னார்கள். என் முறை வந்தபோது, “தூங்கினேன்” என்றேன். சிலர் சிரித்தார்கள். அந்த வெள்ளைக்கார அம்மா சிரிக்கவில்லை. “நல்லது” என்றார்.

ஊர் திரும்பியதும் மகளை இழந்தவள் வீட்டுக்குப் போனேன். விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். “வாங்க” என்றாள், மனசில்லாமல். நானும் ஒரு கை அள்ளி உரிக்கத் தொடங்கினேன். முறம் பாதி நிறைந்தது.

“இன்னைக்கு ஒண்ணும் வாசிக்கலயா?”

“இல்லம்மா. எங்கிட்டயும் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல.”

உரித்தபடியே அவள் சொன்னாள்: “காய்ச்சலா கெடக்கயில இட்லி வேணும்னு கேட்டா. வேலைக்கு வெள்ளனே போகணும்னு கஞ்சியக் குடுத்துட்டுப் போயிட்டேன். வந்து பாக்கயில பேச்சில்ல.”

இதற்கு எனக்கு நாலைந்து வசனம் மனப்பாடம். அவள் அழுது முடிக்கும்வரை கடலை உரித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமைதோறும் காலையில் கோயிலைத் திறந்துவைக்க வேண்டும், யாரும் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று போதகரிடம் கேட்டேன். சபை மூப்பர் எரிந்து விழுந்தார்: “வாயத் தொறக்காத ஜெபம் என்ன ஜெபம்? இதெல்லாம் வெள்ளக்காரங்க பழக்கம்!” போதகரும் களைத்த மனிதர்தான். சாவியை எடுத்துக் கொடுத்தார்.

முதல் வாரம் மூன்று பெண்கள் வந்தார்கள். ஒருத்தி பாயிலேயே சாய்ந்து குறட்டை விட்டாள். யாரும் எழுப்பவில்லை. ஆடிக்குள் எட்டுப் பேர் ஆனோம். கடலை உரித்தவளும் ஒரு நாள் வந்து கதவோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். என்ன நடக்கிறதென்று பார்க்க வந்த மூப்பர், துண்டை மடியில் போட்டுக்கொண்டு கடைசிவரை இருந்துவிட்டுப் போனார்.

சபை புத்துயிர் பெறுவதை எழுப்புதல் என்று பிரசங்கத்தில் சொல்வார்களே, அதெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சண்டைகள் அப்படியேதான் இருந்தன. என் அசதியும் முழுக்கப் போகவில்லை. ஆனால் அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்பு போதகரிடம் போய், “ஆறு ஊர் என்னால முடியாதுங்கய்யா, நாலு போதும்” என்றேன். அதுவரை அப்படி நான் கேட்டதேயில்லை. அவர் முணுமுணுத்துவிட்டு, மற்ற இரண்டுக்கும் வேறொருத்தியை அனுப்பினார்.