கோழிக்கூட்டு நெடி

அன்று வீட்டில் இருந்தது நாலு பேர்: அப்பா, அம்மா, நான், உமி மூட்டை கொண்டுவந்த பெரியப்பா. அக்கா இல்லை. அவள் கன்னியர் மடத்தில் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மடத்தில் சேர்ந்தவள் ஏசுவுக்கு மணப்பெண் என்பார்கள்.

கோழிக்கூடு அக்காவின் பொறுப்பு. தரையில் பரப்பிய உமியைத் தினமும் கிளறிவிடுவாள். ஈரம் பட்டதை அள்ளிவிட்டுப் புது உமி போடுவாள். அவள் போனபிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கவிழ்ந்து, உமியும் எச்சமும் அடை மாதிரி இறுகிவிட்டன. கொல்லைக் கதவைத் திறந்தாலே நெடி மண்டைக்கு ஏறியது. செவலைக் கோழி ஒன்றுக்குக் கண் வீங்கி மூடிக்கொண்டது.

அப்பா மம்பட்டியோடு குனிந்து உள்ளே நுழையப் போனார். பெரியப்பா வண்டியிலிருந்து மூட்டையை இறக்கிக்கொண்டே, "ஏசுசாமிக்கே மாமனாராயிட்ட, இன்னும் கோழிப்பீ அள்ளுறியேடா!" என்றார்.

"மருமகன் வந்து அள்ளித் தருவாரான்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்கண்ணே."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அக்கா கிளம்பிய அன்றும் அப்பா சிரித்துக்கொண்டேதான் இருந்தார். அம்மா அழுதாள். அப்பா அழக்கூடாது. சாமிக்குக் கொடுத்துவிட்டு அழுதால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற மாதிரி என்று ஊரில் சொல்லியிருந்தார்கள்.

அப்பா உள்ளிருந்து சுரண்டிச் சுரண்டி இரும்புச் சட்டியில் நிரப்பித் தள்ளுவார். நான் இழுத்துக்கொண்டு போய் வேலியோரம் குவிப்பேன். பச்சை எரு சூடு, மக்காமல் செடிக்குப் போட்டால் பொசுக்கிவிடும். பாதி வேலையில் சுரண்டும் சத்தம் நின்றது. வெறுஞ்சட்டியோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து அவர் வெளியே வந்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது.

அம்மா பதறினாள். "என்னங்க, கண்ணு ரெண்டும் கோவப்பழமாக் கெடக்கு! இங்குட்டு வாரீகளா இல்லையா?"

"நெடிடீ. வேறென்ன?"

"பாத்துடா," என்றார் பெரியப்பா. "செவலைக்கு வந்த கதி ஒனக்கும் வந்துறப் போகுது. நெடியில கண்ணே போயிரும்."

அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் நிஜமென்று நம்பிவிட்டேன். பிற்பாடு பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டேன். கவலைப்படுவதை இன்றுவரை விடவில்லை. அப்பாவுக்குக் கண் தெரியாமல் போனால் வயலுக்கு யார் போவது, சாப்பிடும்போது மீனில் முள் எடுத்துக் கொடுப்பது யார் என்று அன்று முழுக்க அதே யோசனை.

மறுநாளிலிருந்து கூடு என் பொறுப்பு. மிச்சத்தையும் சுரண்டி அள்ளிவிட்டுச் சுண்ணாம்புத் தூள் தூவி, அதன்மேல் பெரியப்பா கொண்டுவந்த உமியைக் கையகல உயரத்துக்குப் பரப்பினேன். தண்ணீர்ச் சட்டியைச் செங்கல்மேல் தூக்கி வைத்தேன். ஜன்னலை அடைத்திருந்த சாக்கைக் கிழித்தெறிந்தேன். காலையும் மாலையும் கிளறிக் கிளறிக் கை கொப்புளித்தது. இரண்டு வாரத்தில் கொல்லைப் பக்கம் சாப்பாட்டுத் தட்டோடு உட்காரலாம் என்றாகிவிட்டது.

அந்த ஞாயிறு, பூசை முடிந்து கோவில் வாசலில் ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "குடுத்துவச்ச மனுசன்யா நீரு. ஒம்ம வீட்டுக்கு இனி என்ன கொறை?"

"ஒரு கொறையும் இல்ல," என்று அப்பா சிரித்தார்.

வீட்டுக்கு வந்தவர் வெள்ளை வேட்டியைக்கூட மாற்றாமல் நேரே கோழிக்கூட்டுக்குள் போனார். மம்பட்டியும் எடுக்கவில்லை. நான் வாசலில் காத்திருந்தேன். வெளியே வந்தபோது மறுபடியும் அதே சிவந்த கண்.

"என்னப்பா?"

"நெடிதான் ஆத்தா," என்று சொல்லிவிட்டு என் தலையில் கை வைத்தார். எடுக்க நேரமானது.

நான் உடனே உள்ளே புகுந்தேன். உமியில் முகம் புதைத்து மோந்து பார்த்தேன். அரவை மில் வாசம்தான் வந்தது. மூலை மூலையாகப் போய் மோந்தேன். செவலைக்கோழி இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்து என்னையே பார்த்தது.

அப்பாவுக்கு அடிக்கிற நெடி எனக்கு அடிக்கவில்லை என்றால் என் மூக்குதான் கெட்டுவிட்டது. அன்று சாயந்திரம் செபமாலை சொல்லி முடித்ததும், அப்பாவின் கண்ணோடு என் மூக்கையும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.